நீங்கள் யோசித்தது அவர்களுக்குக் கேட்கவில்லை

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த இடம் தலவாக்கலைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டம். ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்காகக் கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்து, இணையவழிப் பரீட்சையில் தேறினேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது காணொளி வழியாக நேர்முகத் தேர்வு நடந்தது. எண்களின் பட்டியல் ஒன்றைத் தந்து, கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எழுதினேன். "இதைவிட வேகமாகச் செய்ய முடியுமா?" என்று கேட்டார்கள். நான்கு நிமிடம் போல யோசித்தேன், வாய் திறக்கவில்லை. இடையில் சிக்னலும் போய்விட்டது. திரும்ப இணைந்ததும் செயற்றிட்டம் பற்றிக் கேட்டார்கள். 'குழுவாகச் செய்தோம்' என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அவர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். கடைசியில் பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்டபோது 'தனியார் தொழில்' என்றேன். அம்மா கொழுந்து பறிக்கிறார். அன்றிரவு அந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை. ஒரு வாரத்தில் 'தெரிவாகவில்லை' என்று மின்னஞ்சல் வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் வேறொரு நிறுவனத்தில் நேர்முகம் இருக்கிறது. இந்தத் துறை எனக்கு ஒத்துவராதா? சிங்களம் சரளமாக வராதது தடையா? தனியாகச் செய்தது என்று காட்டப் பெரிதாக எதுவும் இல்லை. அம்மாவின் கொழுந்துக் கிலோவைக் கணக்குப் பார்ப்பதற்காகச் செய்த சின்னச் செயலி ஒன்றுதான் இருக்கிறது.

– மூன்றாம் ஆண்டு மாணவி, தலவாக்கலை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை கையில் பேனா இருந்தது. இரண்டு இடங்களில் கோடு போட்டேன்: ஒன்று 'நான்கு நிமிடம்', மற்றது கடைசி வரியில் வரும் 'சின்னச் செயலி'. நேர்முகத்தில் என்ன நடந்தது என்பது முதலாவதில் இருக்கிறது. அடுத்த நேர்முகத்தில் என்ன நடக்க வேண்டும் என்பது இரண்டாவதில் இருக்கிறது.

மேசையின் மறுபக்கம் உட்காருகிறவள் நான். கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக 13 ஆண்டுகள் ஆகின்றன. பயிலுநர்களைத் தெரிவு செய்யும் குழுவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒருவர் நான்கு நிமிடம் பேசாமல் இருந்தால் எங்கள் குறிப்புத் தாளில் எழுதுவதற்கு ஒன்றுமே கிடைக்காது. அந்த நேரத்தில் நீங்கள் மூன்று வழிகளை யோசித்து இரண்டை ஒதுக்கியிருக்கலாம். அவ்வளவும் உங்கள் தலைக்குள் நடந்தது. அவர்கள் பார்த்ததோ அசையாத ஒரு முகம். சிக்னல் பலவீனமான இடத்திலிருந்து பேசினீர்கள் என்பதால், பிள்ளை யோசிக்கிறதா, படம்தான் நின்றுவிட்டதா என்று பிரித்தறியக்கூட அவர்களுக்கு வழி இருந்திருக்காது.

'இதைவிட வேகமாகச் செய்ய முடியுமா?' என்று கேட்டவுடன் முதல் விடை பிழை என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அது பிழையான விடையே இல்லை. முதலில் நேரான வழியை எழுதச் சொல்லி, பிறகு அதிலிருந்து பேச்சைத் தொடங்குவது எங்கள் வழக்கம். அந்தக் கேள்வியால் உங்களைப் பேச அழைத்தார்கள். என்ன பேசியிருக்கலாம் என்று பார்ப்போம்.

நீங்கள் எழுதியது, ஒவ்வொரு எண்ணையும் மற்ற எண்களோடு கூட்டிப் பார்க்கும் வழியாக இருந்திருக்கும். 10 எண்கள் என்றால் 45 சோடி. 1,000 எண்கள் என்றால் 499,500 சோடி. ஓர் இலட்சம் எண்கள் என்றால் ஏறத்தாழ 500 கோடி. பட்டியல் பத்து மடங்கு நீண்டால் வேலை நூறு மடங்காகிறது. இதை மட்டும் வாய்விட்டுச் சொல்லியிருந்தாலே என் தாளில் ஒரு நல்ல வரி விழுந்திருக்கும். அடுத்து, இதில் எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்று உரக்கக் கேட்டுப் பார்க்க வேண்டும். தொகை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 7 இருக்கிறது. அப்படியானால் நான் தேடுவது 13 என்ற ஒரே எண்ணைத்தான். அது முன்னரே வந்ததா என்று அறிய மொத்தப் பட்டியலையும் எதற்காகப் புரட்ட வேண்டும்?

கணக்கப்பிள்ளையின் செக்ரோலை, அதாவது தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேட்டை, நினைத்துப் பாருங்கள். அம்மாவின் பெயரை முதற் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துத் தேடுவதில்லை. இலக்கத்தைச் சொன்னதும் நேரே அந்த வரிக்குப் போகிறார். ஹேஷ் மேப் என்ற தரவுக் கட்டமைப்பும் அப்படித்தான், பெறுமானத்திலிருந்தே அதன் இடத்தைக் கணித்து நேரே அங்கே போகிறது. ஆகவே பட்டியலை ஒரே தடவை நடந்து முடிக்கலாம். ஒவ்வோர் எண்ணிலும் நின்று, அதற்குச் சேர வேண்டிய எண் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் இந்த எண்ணைக் குறித்துவிட்டு நகர வேண்டும். ஓர் இலட்சம் எண்களுக்கு ஓர் இலட்சம் அடிகள் போதும். குறித்து வைக்க நினைவகத்தில் இடம் செலவாகும். அந்தச் செலவையும் அவர்கள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டியல் ஏற்கெனவே ஏறுவரிசையில் இருந்தால் குறித்து வைக்கவே வேண்டாம். ஒரு விரலை முதல் எண்ணிலும் மறு விரலைக் கடைசி எண்ணிலும் வையுங்கள். தொகை கூடினால் கடைசி விரல் உள்ளே வரட்டும், குறைந்தால் முதல் விரல் நகரட்டும்.

இதெல்லாம் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் நீங்கள் படித்ததுதான். 'பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா, ஒரே எண்ணை இரு தடவை எடுக்கலாமா, விடையே இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தருவது' என்று எழுதத் தொடங்குமுன் கேட்டிருந்தாலே நீங்கள் இந்த வழிகளுக்குள் நுழைந்திருப்பீர்கள். கேள்வியில் அவற்றை நாங்கள் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறோம். யார் கேட்கிறார்கள் என்று பார்க்கிறோம்.

அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். துரை வந்தால் ஒதுங்கி நில், பெரியவர்கள் கேட்டால் மட்டும் பேசு, தெரியாததை உளறாதே என்று சொல்லித்தான் எங்களையும் வளர்த்தார்கள். விடை முழுதாகத் தெரிந்தால் மட்டுமே வகுப்பில் கை உயர்த்தினோம். பாதி யோசனையை நாலு பேர் முன்னால் சொல்வது மரியாதைக் குறைவு என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது. கொழும்பில் விவாத மேடை ஏறி வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவர்களையும் நம் பிள்ளைகளையும் ஆறு ஆண்டுகளாக ஒரே மேசையில் பார்க்கிறேன். அறிவில் அவர்கள் மேல் என்று எனக்கு ஒருநாளும் பட்டதில்லை. யோசித்துக்கொண்டே பேசும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. பழக்கம் என்பதால் அதை நீங்களும் பழகலாம். அதற்கு மூன்று வாரம் போதும்.

முதல் வாரம் தமிழிலேயே செய்யுங்கள். நாளுக்கு ஒரு கேள்வியை எடுத்து, அம்மா வேலை முடிந்து வந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் அவருக்கு விளக்குங்கள். மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு, செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் அதற்கு விளக்கித் தங்கள் பிழையைத் தாங்களே கண்டுபிடிக்கும் பழக்கம் உலகெங்கும் மென்பொருளாளர்களிடம் உண்டு. வாத்து கேள்வி கேட்காது. அம்மா 'அது ஏன் அப்படி?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகினால் நேர்முகத்தில் வரும் கேள்விக்கும் பதில் வரும். இரண்டாம் வாரம் அதையே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். இலக்கணம் தடுக்கினால் தடுக்கட்டும். காலம், ஒருமை பன்மை தவறுவதற்காக ஒரு பயிலுநரை நான் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. மூன்றாம் வாரம் உடன் படிக்கும் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'ஒரு நிமிடம் தாருங்கள்' என்று கேட்டுவிட்டு யோசியுங்கள். அப்படி அறிவித்துவிட்டு எடுக்கும் ஒரு நிமிடத்தை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

இனி உங்கள் 'சின்னச் செயலி'.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அரை மணி நேரமும் நீங்கள் அதைச் சொல்லவே இல்லையே! நூலக முகாமைத்துவ முறைமை, ஹோட்டல் முன்பதிவு முறைமை என்று ஒரே மாதிரியான செயற்றிட்டங்களைப் பருவத்துக்குப் பருவம் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவற்றை, செய்தவர் தவிர வேறு யாரும் ஒருநாள்கூடப் பயன்படுத்தியதில்லை. உங்கள் செயலியை ஒருவர் தினமும் பயன்படுத்துகிறார், அவருக்கு அது எதற்கென்று தெரியும், தவறினால் அவருக்குக் காசு நட்டம். ஒரு பொறியியலாளருக்கு இதைவிட நேர்மையான பரீட்சை வேறில்லை. அளவை நினைத்துக் கூச வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்வதற்காக நமது நாட்டுத் தன்னார்வலர்கள் அவசரமாக எழுதியதுதான் 'சஹானா' என்ற திறந்த மூல மென்பொருள். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது அது அங்கேயும் போய் உதவியது. அதுவும் கண்முன் இருந்த ஒரு தேவைக்காகத்தான் பிறந்தது.

குழுவில் நான் இருந்தால் உங்கள் செயலியைப் பற்றி மட்டுமே அரை மணி நேரம் கேட்பேன். கிலோவை எந்த வடிவில் சேமிக்கிறீர்கள்? தசம எண்ணாகவா? அப்படியானால் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலான செய்நிரல் மொழிகள் 0.30000000000000004 என்று காட்டும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் முழுதாக எழுத முடியாதது போல, பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இருமத்தில் முழுதாக எழுத முடியாது. ஒரு நாள் நிறுவையில் அது தெரியாது. மாதம் முழுவதும் கூட்டி, அதைக் காசால் பெருக்கும்போது எங்காவது கணக்கு இடிக்கும். ஆகவே நிறையைக் கிராமிலும் பணத்தைச் சதத்திலும் முழு எண்ணாக வைப்பது நல்லது. நீங்கள் அப்படிச் செய்யவில்லையென்றால் இன்றே மாற்றிவிடுங்கள். 'முதலில் தசமமாக வைத்திருந்தேன், இந்தக் காரணத்தால் மாற்றினேன்' என்று சொல்ல முடிந்தால் அது இன்னும் நல்ல பதில்.

நாட்சம்பளத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள்? 2021 மார்ச்சில் அது 1,000 ரூபாவானது; 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவானது. தொகையைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால், அதை மாற்றிய அன்று பழைய மாதங்களின் கணக்கெல்லாம் குழம்பிவிடும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தொகை என்று தனி அட்டவணையில் வைத்தால் பழையது அப்படியே நிற்கும். வங்கி மென்பொருள் எழுதுகிறவர்களும் வட்டி வீதத்துக்கு இதைத்தான் செய்கிறார்கள்.

சிக்னல் இல்லாத மலையில் செயலி எப்படி வேலை செய்கிறது? தரவு தொலைபேசியிலேயே இருக்கிறதா? தொலைபேசி தொலைந்தால் என்ன ஆகும்? இன்னொன்று: 'கொழுந்து' என்ற சொல்லின் நீளம் என்ன என்று உங்கள் செய்நிரலிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யுனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பெரும்பாலும் எட்டு என்று சொல்லும். நீளமான பெயரைப் பத்து எழுத்தில் வெட்டிக் காட்டும் திரை ஒன்று வைத்திருந்தால் கொம்பும் புள்ளியும் பாதியில் அறுந்து நிற்கும். தமிழில் செயலி செய்யாத ஒருவருக்கு இது தெரிய வாய்ப்புக் குறைவு. நேர்முகத்தில் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

குழுச் செயற்றிட்டத்துக்கும் இதே முறைதான். 'செய்தோம்' என்று தொடங்குங்கள், அது நேர்மை. அடுத்த வாக்கியம் 'அதில் நான்' என்று வர வேண்டும். தன்னை முன்னிறுத்திப் பேசக் கூடாது என்ற நமது பண்பை நான் மதிக்கிறேன். ஆனால் ஐந்து பேர் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குச் சொல்ல வேறு ஆளில்லை.

பெற்றோரின் தொழிலைப் பற்றிய கேள்வி. அதை அவர்கள் கேட்டிருக்கவே கூடாது. ஒருவரின் வேலைத் திறனுக்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பில்லை. எங்கள் குழுவில் அதைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். இனி எங்காவது கேட்டால், 'என் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேச விரும்புகிறேன்' என்று பணிவாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் உங்களைத் தூங்கவிடாதது கேள்வி இல்லை, பதில்தான். என்னுடைய முதல் நேர்முகத்தில் ஊரைக் கேட்டபோது 'ஹட்டன்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். கொழும்புக்கு பஸ் காசு தந்து அனுப்பியவர் அவர்தான். அன்றிரவு நானும் தூங்கவில்லை. அதனால் உங்களைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தச் செயலியைப் பற்றி நீங்கள் பேசத் தொடங்கினால் முதல் வாக்கியம் வேறு எதுவாகவும் இருக்க முடியாது: 'என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், அவருடைய நிறுவைக் கணக்கு சரியா என்று பார்ப்பதற்காக இதைச் செய்தேன்.' அவர்கள் கேட்காமலே, உங்கள் வாயால், உங்கள் வேலையின் காரணமாக அது வரும். அப்படிச் சொல்லும்போது குரல் நடுங்காது என்பது என் அனுபவம்.

சிங்களம் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. நேர்முகம் ஆங்கிலத்தில் நடக்கிறது, வேலையின் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர்கள் சிங்களத்துக்கு மாறிவிட்டால், 'எனக்குச் சரியாக விளங்கவில்லை, ஆங்கிலத்தில் சொல்ல முடியுமா?' என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் அறியாமலே மாறியிருப்பார்கள். கடையிலும் பஸ்ஸிலும் பேசும் சிங்களம் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அதை வளர்த்துக்கொள்ளுங்கள், கூட வேலை செய்பவர்களோடு நெருங்க உதவும். தெரிவுக்கு அது தடையில்லை.

சிக்னலுக்கு வருகிறேன். அடுத்த முறை வீட்டிலிருந்து செய்ய வேண்டாம். தகரக் கூரையில் மழை விழுந்தால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. படித்த பாடசாலையின் கணினி ஆசிரியரிடம் ஒரு மணி நேரத்துக்கு அறையைக் கேளுங்கள், அல்லது நகரில் தோழி ஒருவரின் வீட்டுக்குப் போங்கள். முதல் நாள் அதே நேரத்தில் அதே இடத்தில் சோதித்துப் பாருங்கள். வேறொரு வலையமைப்பின் சிம் ஒன்றும் கையில் இருக்கட்டும். பேச்சுத் தொடங்கியதுமே 'தொடர்பு அறுந்தால் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். நேரில் வரச் சொன்னால் முதல் நாளே கொழும்பு வந்து சேருங்கள். மழைக்காலத்தில் நமது பாதையையும் ரயிலையும் நம்பி அன்று காலையில் புறப்பட வேண்டாம்.

துறை ஒத்துவருமா என்று கேட்டிருந்தீர்கள். இணையவழிப் பரீட்சையில் தேறியவர் நீங்கள், அங்கே யாரும் உங்களுக்குச் சலுகை தந்திருக்க மாட்டார்கள். யாரும் கேட்காமலே அம்மாவுக்காக ஒரு செயலி எழுதியிருக்கிறீர்கள். துறையைத் தேடி நீங்கள் ஏற்கெனவே வந்துவிட்டீர்கள். தெரிவாகவில்லை என்று எழுதிய நிறுவனத்துக்கு நன்றி சொல்லி, எந்த இடத்தில் மேம்பட வேண்டும் என்று இரண்டு வரியில் கேட்டு எழுதுங்கள். சிலர் பதில் தருவார்கள். அடுத்த பருவத்தில் அங்கேயே மறுபடி விண்ணப்பிக்கவும் தயங்க வேண்டாம்.

உங்கள் நேர்முகத்துக்கு முந்திய ஞாயிறு மாலை எனக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. மின்னஞ்சலில் நேரத்தைச் சொல்லுங்கள், ஒத்திகை நேர்முகம் நானே வைக்கிறேன். படம் வேண்டாம், குரல் போதும். முதல் கேள்வியை இப்போதே தந்துவிடுகிறேன்: மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று கழிக்கும் கிலோவை உங்கள் செயலி எங்கே, எப்படிப் பதிகிறது? அம்மாவிடமும் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
அக்கா